காணாமப் போனவங்கள எப்படி எண்ணுறது? அமர்த்தியா சென்னும் எங்க உசிலம்பட்டியும்

இது எபிசோடோட எழுத்து வடிவம். பேசும்போது வந்த "ம்ம்", "அதாவது" எல்லாத்தையும், நடுவுல குக்கர் விசில் அடிச்ச இடத்தையும் வெட்டியாச்சு. மத்தபடி பேசினது பேசினபடியே இருக்கு.

இன்னிக்கு ஒரு பொருளாதார நிபுணரைப் பத்திப் பேசப் போறோம். அமர்த்தியா சென். 1933-ல சாந்திநிகேதன்ல பிறந்தவர். பேர் வெச்சது தாகூர். 1998-ல நோபல் பரிசு வாங்கினார். பரிசுப் பணத்துல ஒரு பகுதியை வெச்சு பிராதிச்சி டிரஸ்ட் ஆரம்பிச்சு, ஆரம்பப் பள்ளி, ஆரம்ப சுகாதாரம் ரெண்டையும் வருஷக்கணக்கா ஆராய வெச்சார். 1943 வங்காளப் பஞ்சத்தைப் பத்தின அவரோட ஆராய்ச்சி நிறையப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். நாட்டுல அரிசி இருந்தது, ஆனா அதை வாங்குற சக்தி கூலிக்காரங்க கையில இல்லாம போச்சு, அதனால லட்சக்கணக்குல செத்தாங்கன்னு 1981-ல வந்த புத்தகத்துல காட்டினார். அது தனி எபிசோடுக்கான விஷயம். இன்னிக்கு நான் எடுத்துக்கப் போறது 1990 டிசம்பர்ல நியூயார்க் ரிவ்யூ ஆஃப் புக்ஸ்ல அவர் எழுதின ஒரு கட்டுரை. சில பக்கம்தான். அதோட தலைப்பே ஒரு எண்: பத்துக் கோடிக்கும் மேலான பெண்களைக் காணோம்.

காணோம்னா? யாரும் போலீஸ்ல புகார் குடுக்கல. எந்த ரெஜிஸ்டர்லயும் பேர் இல்ல. அப்புறம் எப்படிப் பத்துக் கோடின்னு சொன்னார்?

டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவங்களுக்கு இது சட்டுனு புரியும். ஒரு வரி இருந்து, அதுல ஒரு கட்டம் மட்டும் காலியா இருந்தா கண்டுபிடிக்கிறது சுலபம். ஒரு கொயரி அடிச்சா வந்துரும். ஆனா அந்த வரியே இல்லேன்னா? எந்தக் கொயரியும் அதைக் காட்டாது. இருக்க வேண்டிய எண்ணிக்கை எவ்வளவுன்னு உங்களுக்கு வெளிய இருந்து தெரிஞ்சாதான், குறையுதுங்கிறதே தெரியும். சென் பண்ணது அதுதான்.

உலகம் முழுக்க ஆம்பளக் குழந்தைதான் கொஞ்சம் அதிகமாப் பிறக்கும். 100 பெண் குழந்தைக்கு 105, 106 ஆண் குழந்தை. இது இயற்கை. ஆனா ஒரே மாதிரி சோறும் ஒரே மாதிரி வைத்தியமும் கிடைச்சா, பெண்கள்தான் எல்லா வயசுலயும் அதிகமாப் பிழைக்கிறாங்க. அதனால ஐரோப்பாவிலயும் வட அமெரிக்காவிலயும் மொத்த ஜனத்தொகையில 100 ஆண்களுக்கு 105 பெண்கள் இருந்தாங்க. தெற்காசியா, மேற்காசியா, சீனா பக்கம் வந்தா அது 94. இந்த இடைவெளியை ஜனத்தொகையால பெருக்கிப் பாருங்க. சீனாவுல மட்டும் 5 கோடி வருது. எல்லா நாட்டையும் கூட்டினா 10 கோடியைத் தாண்டுது.

கணக்கு அவ்வளவுதான். எட்டாங்கிளாஸ் கணக்கு. இதை வெச்சு அடுத்த வருஷமே சண்டை வந்துச்சு. ஆன்ஸ்லி கோல்-னு ஒரு மக்கள்தொகை நிபுணர் வேற அளவுகோலை வெச்சு 6 கோடின்னு சொன்னார். 2005-ல எமிலி ஆஸ்டர்ங்கிற இளம் ஆராய்ச்சியாளர், ஹெபடைடிஸ் பி கிருமி இருந்தா ஆண் குழந்தை அதிகமாப் பிறக்கும், காணாமப் போனதுல பெரிய பங்கு அதனாலதான்னு எழுதினாங்க. உலகமே பேசுச்சு. மூணு வருஷம் கழிச்சு சீனாவுல புது டேட்டா எடுத்துப் பார்த்துட்டு, தன்னோட விளக்கம் சரியில்லைன்னு அவங்களே இன்னொரு பேப்பர் போட்டாங்க. எண் 10 கோடியா, 6 கோடியாங்கிறதுல தகராறு இருக்கலாம். பூஜ்யம்னு யாரும் சொல்லல.

கட்டுரையில எனக்குப் பிடிச்ச இடம் வேற. வறுமைதான் காரணம்னு லேசா சொல்லிட்டுப் போறவங்களை சென் அங்க நிறுத்தறார். சகாராவுக்குத் தெற்க உள்ள ஆப்பிரிக்கா நம்மள விட ஏழை. அங்க 100 ஆணுக்கு 102 பெண். பஞ்சாபும் ஹரியானாவும் நம்ம நாட்டுலயே பணக்கார மாநிலங்கள்ல வரும். அங்கதான் பெண்கள் எண்ணிக்கை ரொம்பக் கீழ. கேரளா அப்ப ஒண்ணும் பணக்கார மாநிலம் இல்ல. அங்க 103-க்கு மேல.

இதெல்லாம் ஏசி ரூம்ல உட்கார்ந்து போட்ட கணக்குன்னு நெனச்சிராதீங்க. 1983 வாக்குல அவரும் சுனில் சென்குப்தாவும் மேற்கு வங்காளத்துல ரெண்டு கிராமத்துல அஞ்சு வயசுக்குக் கீழ இருந்த ஒவ்வொரு குழந்தையையும் எடை போட்டிருக்காங்க. பிறக்கும்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. வயசு ஏற ஏற பெண் குழந்தை பின்னால போயிட்டே இருந்துச்சு. நோபல் பரிசுக்காக எழுதின சுயசரிதையில இதைப் பத்தி ஒரு தமாஷ் சொல்றார். ஒரு குழந்தை, கிட்ட வர்ற கையை எல்லாம் கடிச்சு வெச்சிருது. எடை போடப் போன உதவியாளர் சென்னுக்குப் போன் பண்ணி, நீங்களே வந்து போடுங்கன்னு சொல்லிட்டாங்க. தராசுல நிக்க மாட்டேன்னு அழுகுற குழந்தைகளை எடை போடுறதுல தனக்குக் கொஞ்சம் தலைக்கனமே வந்துருச்சுன்னு எழுதறார்.

சரி. உசிலம்பட்டிக்கு வருவோம்.

தெரியாதவங்களுக்கு: மதுரையில இருந்து மேற்கே தேனி ரோட்டுல சுமார் 40 கிலோமீட்டர். மானாவாரி பூமி. காய்கறிச் சந்தை, பூ, பருத்தி. வைகை அணைத் தண்ணி 58 கிராமக் கால்வாயில எப்ப வரும்னு பல தேர்தலாப் பேசிட்டு இருக்கிற ஊர். 1920 ஏப்ரல்ல, குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து நின்னவங்களைப் போலீஸ் சுட்டுக் கொன்ன பெருங்காமநல்லூர் எங்க பக்கம்தான். வெளியில இருந்து வந்தவங்க எங்க ஜனத்து மேல முத்திரை குத்துறது அப்பவே பழகிப் போன விஷயம்.

1986 ஜூன்ல இந்தியா டுடே ஒரு அட்டைப்படக் கட்டுரை போட்டுச்சு. உசிலம்பட்டி வட்டாரத்துல பிறந்த பெண் குழந்தைகளைக் கள்ளிப்பால் குடுத்துக் கொல்றாங்கன்னு. அதுல இருந்து எங்க ஊர்ப் பேருக்கு அர்த்தம் மாறிப் போச்சு. 1993-ல ஜென்டில்மேன் படத்துல எங்க ஊர்ப் பேர்ல ஒரு பாட்டு வந்துச்சு, நாடே ஆடுச்சு. அடுத்த வருஷமே பாரதிராஜாவோட கருத்தம்மா வந்துச்சு. ரெண்டுக்கும் ரஹ்மான்தான் மியூசிக். பெங்களூரு ஆபீஸ்ல சொந்த ஊர் உசிலம்பட்டின்னு நான் சொன்னா, முப்பது வயசுக்கு மேல இருக்கிற தமிழ் ஆளுங்க ஒரு செகண்ட் அமைதி ஆயிடுவாங்க. அந்த ஒரு செகண்டுல என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியும்.

எரிச்சலா இருக்கும். ஏன்னா 2001 சென்சஸ்ல ஆறு வயசு வரைக்கும் உள்ள குழந்தைகள்ல, 1000 ஆணுக்கு சேலம் மாவட்டத்துல 851 பெண், ஹரியானாவுல 819, பஞ்சாப்ல 798. அந்த ஊர்க்காரங்களைப் பார்த்து யாரும் அமைதி ஆகறதில்ல. ஸ்கேன் சென்டர்ல நடந்தது போட்டோவுக்கு அகப்படல. கள்ளிச் செடி அகப்பட்டுச்சு.

ஆனா அதை வெச்சு ஒண்ணுமே நடக்கலன்னு நான் சொல்ல வரல.

எங்க தாத்தா வழியில ஒரு வம்சாவளிப் படம் வரையலாம்னு ரெண்டு வருஷம் முன்னாடி லேப்டாப்பைத் தூக்கிட்டு எங்க அப்பத்தாகிட்ட உட்கார்ந்தேன். அப்பாவோட கூடப் பிறந்தவங்க மொத்தம் ஏழு பேர். ஆறு ஆண், ஒரே ஒரு அத்தை. வரையும்போதுதான் எனக்கு அது உறைச்சுச்சு. "அப்பத்தா, மொத்தம் எத்தன பெத்த?"ன்னு கேட்டேன். "பெறந்தது பதினொண்ணு சாமி, தங்குனது ஏழு"ன்னு சொல்லுச்சு. தங்காத நாலு ஆணா பொண்ணான்னு கேட்டேன். வெத்தலைக்கு சுண்ணாம்பு தடவிட்டே, "இப்ப எதுக்குப்பு அதெல்லாம், எழுதுறத எழுது"ன்னு சொல்லுச்சு.

நான் எழுதல. லேப்டாப்பை மூடிட்டேன்.

இதுல இருந்து நான் எந்த முடிவுக்கும் வர முடியாது. வரவும் கூடாது. அந்தக் காலத்துல வயித்துப்போக்கு, அம்மை, ஜன்னின்னு குழந்தைங்க கொத்துக் கொத்தாப் போன காலம். அந்த நாலும் ஆண் குழந்தையாக்கூட இருக்கலாம். ஒரு வீட்டை வெச்சு ஒண்ணும் நிரூபிக்க முடியாது, பதினொண்ணு ரொம்பச் சின்ன சாம்பிள். ஆயிரம் வீடு, லட்சம் வீடுன்னு சேர்த்துப் பார்த்தாதான் ஒரு பக்கம் சாயுதுங்கிறது தெரியும். அப்பத்தா வாயில இருந்து வராத பதில் சென்சஸ் டேபிள்ல வரும். அந்த 1990 கட்டுரை எனக்கு முழுசாப் புரிஞ்சது அந்தச் சாயங்காலம்தான். என் அப்பத்தாவைக் குற்றவாளிக் கூண்டுல ஏத்தாம, அதே சமயம் நடந்ததை மறைக்காமலும் பேச ஒரு வழி இருக்குன்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு.

ஏன் நடந்துச்சு? சென் சொல்ற விளக்கம் இது: வீடுங்கிறது ஒத்துமையும் பேரமும் சேர்ந்த இடம். யாரோட சம்பாத்தியம் கண்ணுக்குத் தெரியுதோ, அவங்களுக்குத்தான் பேரத்துல பலம். பொம்பளைங்க வெளிய போய்க் காசு சம்பாதிச்சா, படிச்சிருந்தா, சொத்து இருந்தா, நெலமை மாறும்.

இங்க ஒரு முட்டுக்கட்டை இருக்கு. எங்க ஊர்ப் பொம்பளைங்க என்னிக்கு வீட்டுல சும்மா இருந்தாங்க? களையெடுப்பு, நாத்து நடவு, பருத்தி எடுப்பு எல்லாம் அவங்கதான். அப்புறமும் ஏன்? என்னோட பதில்: செலவுப் பட்டியலைப் பாருங்க. பொண்ணு சடங்கானா சீர், கல்யாணத்துக்கு நகை, தலைப்பிரசவம், பேரப்புள்ளைக்குக் காதுகுத்துன்னா தாய்மாமன் சீர். எங்க பக்கம் இதுக்குச் "செய்முறை"ன்னு ஒரே வார்த்தைதான். கூலி தினமும் அடுப்புல கரைஞ்சிரும், கண்ணுல தெரியாது. செய்முறை ஊரே பார்க்க, மைக் செட்டு கட்டி, நோட்டுல எழுதி நடக்கும். 1959-ல வைகை அணை திறந்த பிறகு தண்ணி வந்த ஊர்ல காசு புழங்க, வரதட்சணை ஏறி, தண்ணி வராத ஊரும் அந்த ரேட்டுக்கு ஈடு குடுக்க வேண்டி வந்துச்சுன்னு எழுதின ஆய்வாளர்களும் உண்டு. கேட்கும்போது எனக்கு நம்பத் தோணுது.

சம்பாத்தியம் கண்ணுக்குத் தெரியணும்ங்கிறதுக்கு சீனாவுல இருந்து ஒரு அழகான ஆதாரம் இருக்கு. நான்சி சியான்-னு ஒரு பொருளாதார நிபுணர் 2008-ல காட்டினாங்க. சீர்திருத்தத்துக்குப் பிறகு அங்க தேயிலை விலை ஏறுச்சு. தேயிலை பறிக்கிறது பெரும்பாலும் பொம்பளைங்க வேலை. தேயிலை விளையுற ஊர்கள்ல பெண் குழந்தைங்க அதிகமாப் பிழைச்சாங்க. குடும்ப வருமானம் பொதுவா ஏறின இடத்துல அப்படி நடக்கல. பழத்தோட்டம் மாதிரி ஆம்பளைங்க கை ஓங்கின இடத்துல உல்டாவாக்கூட நடந்துச்சு.

அரசாங்கம் என்ன பண்ணுச்சு? 1992-ல சேலத்துல ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினாங்க. வேணாம்னா கொல்லாதீங்க, தொட்டில்ல போட்டுட்டுப் போங்க. பின்னால மதுரை, தேனி பக்கமும் வந்துச்சு. பெண் குழந்தையை விட்டுட்டுப் போறதுக்கு அரசே வழி பண்ணிக் குடுக்கலாமான்னு பெண்கள் அமைப்புகள் கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா அந்தத் தொட்டில்ல இருந்து வளர்ந்து இன்னிக்கு எங்கயோ வேலைக்குப் போயிட்டு இருக்கிற பொண்ணுகிட்ட நான் அந்த வாதத்தைச் சொல்ல மாட்டேன்.

தொட்டிலை விட என்னைத் தொட்டது ஒரு ரெஜிஸ்டர் கட்டம். 90-கள்ல ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல குழந்தை இறந்தா காரணம் எழுதுவாங்க இல்லையா, எடை குறைவு, மூச்சுத் திணறல்னு. அதுல "சமூகக் காரணங்கள்"னு ஒண்ணு இருந்துச்சு. எல்லாருக்கும் அர்த்தம் தெரிஞ்ச வார்த்தை. ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளாதாரப் பேராசிரியர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் அந்த ரெஜிஸ்டர்களைக் கூட்டி, எந்தெந்த மாவட்டத்துல இது குவிஞ்சு கிடக்குன்னு 1997-ல பேப்பர் போட்டாங்க. அப்புறம் தர்மபுரியில ஊர் ஊராத் தெருக்கூத்து மாதிரி கலைப்பயணம் நடந்துச்சு. ஒரு கிராம சுகாதார செவிலியர் அந்த ரெண்டு வார்த்தையை நேர்மையா எழுதலேன்னா இது எதுவும் நடந்திருக்காது. ஊருக்குள்ள தினமும் போய் வரணும், அவங்க முகத்தையும் பார்க்கணும், அதையும் எழுதணும். சாதாரண தைரியம் இல்ல அது.

2001-ல இருந்து 2011-க்குள்ள நாடு முழுக்கக் குழந்தைப் பாலின விகிதம் 927-ல இருந்து 919-க்கு இறங்குச்சு. தமிழ்நாட்டுல 942-ல இருந்து 943. ஒண்ணே ஒண்ணுதான் ஏறுச்சு, கைதட்ட வேண்டாம். ஆனா எல்லாரும் சறுக்கும்போது இங்க நின்னுச்சு.

ஏன் நின்னுச்சுங்கிறதுக்கு சென்னும் ஜான் டிரேஸும் 2013-ல சேர்ந்து எழுதின புத்தகத்துல பாதி விடை இருக்கு. தமிழ்நாடு எதையும் "ஏழைக்கு மட்டும்"னு சல்லடை போடாம, எல்லாருக்கும்னு குடுத்துச்சு. 1997-ல நாடே ரேஷனை வறுமைக் கோடு பார்த்துப் பிரிச்சப்ப நம்ம ஊர்ல பிரிக்கல. 1982-ல எம்.ஜி.ஆர். விரிவாக்கின சத்துணவு, அங்கன்வாடி, ராத்திரியும் நர்ஸ் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையம், மருந்து தீராம வாங்கி அனுப்ப ஒரு மருத்துவப் பணிகள் கழகம். 2020-ல ஆயிரம் குழந்தைக்கு இங்க 13 சிசு மரணம், நாட்டுக்கு 28.

நான் இதை இப்படிப் பார்க்கிறேன். வீட்டுக்குள்ள முட்டை யார் தட்டுக்குப் போகுதுங்கிறதை எந்த அரசும் உள்ள வந்து பார்க்க முடியாது. ஆனா பள்ளிக்கூடத்துல அவ தட்டுல வெச்ச முட்டை அவளோடது. தம்பிக்குக் குடுத்துருன்னு சொல்ல அங்க ஆள் இல்ல. 2022 செப்டம்பர்ல காலை உணவுத் திட்டத்தை மதுரையில தொடங்கினப்ப எங்க அம்மா டிவியில பார்த்துட்டு, "அப்ப இனி பொம்பளப்புள்ள காலையில பழைய சோத்தத் தம்பிக்கு வெச்சுட்டுப் போக வேணாம்"னு சொல்லுச்சு. சென் இருபது பக்கத்துல சொன்னது.

பகவதி மாதிரி பொருளாதார நிபுணர்கள் இதுக்கு எதிரா முதல்ல வளர்ச்சி, அப்புறம்தான் பங்கீடுன்னு சொன்னாங்க. 2013-ல பத்திரிகையில பெரிய சண்டையே போச்சு. தமிழ்நாடு ரெண்டையும் ஒண்ணாப் பண்ணுச்சு, நான் இன்ஜினியரிங் படிச்சதே அதுக்கு ஒரு சின்ன சாட்சி. மேல போவோம்.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர். 2010-ல சிவன் ஆண்டர்சன், தேப்ராஜ் ரே ரெண்டு பேரும் சென்னோட கணக்கை வயசு வாரியாப் பிரிச்சாங்க. சீனாவுல காணாமப் போனவங்கள்ல பெரும்பகுதி பிறப்புக்கு முன்னயும் பிறந்த கையோடயும். இந்தியாவுல அப்படி இல்ல. பாதிக்கும் மேல வயசுக்கு வந்த பெண்கள். பிரசவம், இதய நோய், அப்புறம் "காயங்கள்"ங்கிற தலைப்புல தீ விபத்து. சென்னே 1983-ல ஜோஸ்லின் கின்ச்சோட சேர்ந்து பம்பாய் ஆஸ்பத்திரி டேட்டாவைப் பார்த்திருக்கார். ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது ஆம்பளைங்களை விடப் பொம்பளைங்களுக்கு நோய் முத்தியிருந்துச்சு.

இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல. எங்க ஊரை உலகம் தொட்டில்ல தேடுச்சு. அதுல தப்பிச்சு வளர்ந்தவங்க நாப்பது, அம்பது வயசுல "லேசா நெஞ்சு கரிக்குது, இஞ்சிச் சாறு குடிச்சா சரியாயிரும்"னு சொல்லிட்டுக் களையெடுக்கப் போறாங்களே, அதுக்கு அட்டைப்படம் யாரும் போடல. எங்க அத்தை, அந்த ஒரே அத்தை, சுகர் இருக்குன்னு கண்டுபிடிச்சது கால்ல புண்ணு ஆறாம இருந்தப்பதான். மாமாவுக்கு அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே மாத்திரை ஓடிட்டு இருந்துச்சு. ஒரே வீடு, ஒரே அடுப்பு. 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் வந்ததுக்கு அப்புறம், மாத்திரை வாசலுக்கே வருது. வர்ற அக்கா வாசல்ல நின்னே பிரஷர் பார்த்துட்டுப் போறாங்க. அத்தை இப்ப டோஸ் தவறவிடறதில்ல. ஆஸ்பத்திரிக்குப் போ போன்னு நாங்க சொன்னப்பவெல்லாம் அத்தை சொன்ன ஒரே காரணம், "மாட்டை யாரு பார்க்கிறது?"

2021-ல நடக்க வேண்டிய சென்சஸ் தள்ளிப் போயி, இப்ப 2027 மார்ச் 1-ங்கிற தேதியை வெச்சு எடுக்கப் போறதா அறிவிச்சிருக்காங்க. கணக்கெடுக்க வர்றவங்களுக்கு உங்க வீட்டுல இருக்கிற எல்லாரையும் வயசோட சரியாச் சொல்லுங்க. டேபிள் வெளியானதும் உசிலம்பட்டி வரியை எடுத்து, ஆறு வயசு வரைக்கும் உள்ள கட்டத்தோட நாப்பதுல இருந்து அறுபது வரைக்கும் உள்ளதையும் சேர்த்து ஒரு எபிசோட் போடுறேன்.

அடுத்த வாரம் ஜான் டிரேஸ் பத்தி. கேள்வி இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, ஒரு நிமிஷத்துக்குள்ள இருந்தா நல்லது. வரட்டா.